பதம் பார்க்கும் மெஷின்!

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது எப்போ அடுப்பை விட்டு இறக்கணும்? வெல்லம் இவ்வளவு, தண்ணி இவ்வளவு, இத்தனை நிமிஷம்னு சமையல் புத்தகத்துல போட்டிருக்கும். ஆனா எங்க செட்டிநாட்டுப் பக்கம் எந்த அப்பத்தாவும் கடிகாரத்தைப் பார்த்து இறக்குறதில்லை. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, விரலால உருட்டிப் பார்ப்பாங்க. உருண்டு வந்தா பதம். கரைஞ்சு போனா இன்னும் கொஞ்சம் கொதிக்கணும். வெல்லம் புதுசா பழசா, விறகடுப்பா கேஸா, மழைக்காலமா கத்திரி வெயிலான்னு ஒவ்வொரு தடவையும் எல்லாமே மாறும். அதனால கணக்கு மட்டும் போதாது, பதமும் பார்க்கணும்!

‘இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு எதுக்குப்பா அதிரசத்துல ஆரம்பிக்குது?’ன்னு புருவத்தை உயர்த்தாதீங்க. மேட்டருக்கு வந்துட்டேன். உங்க போனுக்குள்ள இருக்கிற சிப்பைச் செய்யுற ஃபேக்டரியிலயும் தினமும் இதே பிரச்னைதான். அங்கே பதம் பார்க்கிற வேலையை இப்போ மெஷின் லேர்னிங்கிட்ட கொடுத்துக்கிட்டு இருக்காங்க. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. கூடவே, எங்க மாமா கேட்ட ஒரு கேள்வியைப் பத்தியும்.

நான் அக்மார்க் காரைக்குடிக்காரி. வயசு 20. இன்ஸ்ட்ருமென்டேஷன், மூணாம் வருஷம். லீவுல ரெண்டு மாசம் ஒரு சின்ன டேட்டா குழுவுல இன்டர்ன்ஷிப் பண்ணேன். சிப் தயாரிப்புல எங்கே கோளாறு வருதுன்னு கம்ப்யூட்டரை வெச்சுக் கண்டுபிடிக்கிற வேலை. வாரக் கடைசியில மாமாவோட முலாம் பட்டறையில தஞ்சம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத உலகம்னு நினைச்சுத்தான் போனேன். அப்படி இல்லைங்க!

ஆயிரத்துல ஒண்ணு போனா என்ன?

சிலிக்கான் வேஃபர்னு ஒரு வட்டத் தகடு. பெரிய ஃபேக்டரிகள்ல அதோட குறுக்களவு 300 மில்லிமீட்டர், நம்ம வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு சைஸ். அது மேல படலம் படிய வைக்கணும், ஒளியால கோலம் போடணும், வேண்டாததை அரிச்சு எடுக்கணும், பாலிஷ் போடணும். இப்படி நூற்றுக்கணக்கான படிகள். ஒரு வேஃபர் உள்ளே போய் வெளியே வர மாசக்கணக்குல ஆகும்.

ஒரு குட்டிக் கணக்கு போடுவோமா? 700 படிகள்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு படியும் 99.9 சதவிகிதம் சரியா நடக்குது. ‘அடேங்கப்பா, சென்டம் ரேஞ்சு’ன்னு தோணுதா? 0.999-ஐ 700 தடவை பெருக்கிப் பாருங்க. சுமார் 0.5 வரும். அதாவது, பாதிச் சிப் குப்பைக்கு! அதனாலதான் ஒவ்வொரு படியையும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் கவனிக்க வேண்டியிருக்கு.

இதுக்கு முதல் விதை போட்டவர் வால்டர் ஷூஹார்ட். 1924-ல டெலிபோன் பாகங்கள் செய்யுற தொழிற்சாலைக்காக அவர் வரைஞ்ச கன்ட்ரோல் சார்ட்தான் இன்னிக்கும் எங்க பாடப் புத்தகத்துல இருக்கு. நடுவுல ஒரு கோடு, மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. அளவு எல்லைக்குள்ள ஆடுற வரைக்கும் கையை வைக்காதே, தாண்டினா காரணம் தேடு. கேட்க சிம்பிள். ஆனா கையை வைக்காம சும்மா இருக்கிறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலைன்னு ஹாஸ்டல் சாம்பார்ல உப்பு போடுறவங்களுக்குத் தெரியும்!

நம்ம ஊர் சிக்ரியும் செம்புக் கம்பியும்

காரைக்குடிக்கும் சிப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்குங்க. எங்க ஊர்ல ‘சிக்ரி’ன்னு செல்லமா சொல்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அதுக்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் தூக்கிக் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலை 25-ல நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல, சரியா தைப் பொங்கல் நேரத்துல, அப்போ துணைக் குடியரசுத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார். துரு, பேட்டரி, முலாம்னு கரன்டும் கெமிஸ்ட்ரியும் கை கோக்கிற எல்லாமே அங்கே ஆராய்ச்சி.

அந்த முலாம்தான் இங்கே ஹீரோ. சிப்புக்குள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை இணைக்கிற கம்பிகள் ரொம்ப வருஷமா அலுமினியத்துல இருந்துச்சு. 1997-ல ஐ.பி.எம். நிறுவனம் ‘இனிமே செம்பு’ன்னு அறிவிச்சது. செம்புல மின்தடை அலுமினியத்தைவிட மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவு. ஆனா அந்த நுண்ணிய பள்ளத்துக்குள்ள செம்பை எப்படி நிரப்புறது? விடை, எலக்ட்ரோ பிளேட்டிங். ஆமாங்க, குத்துவிளக்குக்கு முலாம் போடுற அதே தத்துவம்!

தொட்டியில செம்புக் கரைசல். அதுல சிட்டிகை அளவுக்கு மூணு வகை ரசாயனம். ஒண்ணு படியுற வேகத்தைக் கூட்டும், ஒண்ணு அடக்கும், ஒண்ணு மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும். மூணும் சரியான அளவுல இருந்தா பள்ளம் அடியில இருந்து மேல்நோக்கி நிரம்பும். அளவு தப்பினா வாய் முதல்ல மூடிக்கும், உள்ளே ஓட்டை தங்கிடும். வேலை நடக்க நடக்க அந்த ரசாயனம் தீரும், சிதையும். காலையில இருந்த தொட்டி சாயங்காலம் இருக்காது. இதைத்தான் எங்க பாஷையில ‘டிரிஃப்ட்’னு சொல்றோம்.

மாமாவின் மூக்கு

எங்க மாமாவோட பட்டறையில ஒரே ஒரு நிக்கல் தொட்டிதான் பெரிசு. பழைய வீடுகள்ல இருந்து வர்ற கதவுக் கைப்பிடி, கொக்கி, பூட்டு, பைக் சாமான்னு எல்லாம் அதுல முங்கி எழுந்து பளபளன்னு வரும். தொட்டி 55 டிகிரி சூட்டுல இருக்கணும். மினுமினுப்புக்குப் ‘பிரைட்னர்’னு ஒரு திரவம் ஊத்தணும். குறைஞ்சா சாமான் மங்கும். கூடினா முலாம் நொறுங்கும்.

எப்போ, எவ்வளவு ஊத்தணும்? மாமா குனிஞ்சு பார்ப்பார், ஒரு மூச்சு இழுப்பார், “இம்புட்டு ஊத்து ஆத்தா” என்பார். சந்தேகம் வந்தா மட்டும் ஹல் செல். 267 மில்லி பிடிக்கிற சின்னத் தொட்டி. ஒரு பக்கச் சுவர் சாய்வா இருக்கும். அதுல பித்தளைத் தகட்டைச் சாய்ச்சு வெச்சுக் கொஞ்ச நேரம் கரன்ட் விட்டா, தகட்டோட ஒரு முனையில அதிக கரன்ட், மறுமுனையில கம்மி கரன்ட். ஒரே தகட்டுல தொட்டியோட ஜாதகமே தெரிஞ்சிடும்!

நான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, தொட்டிச் சூடு, எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம், எத்தனை மில்லி பிரைட்னர் ஊத்தினோம்னு எழுத ஆரம்பிச்சேன். ஆம்பியரையும் மணியையும் பெருக்கினா, எவ்வளவு பிரைட்னர் தீர்ந்திருக்கும்னு ஒரு கணிப்பு வரும். லேப்டாப்ல ஒரு குட்டி புரோகிராம். பெரும்பாலான நாள்ல மாமா சொல்ற அளவும் புரோகிராம் சொல்ற அளவும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு. ஆனா சில நாள் மட்டும் மாமா அதிகமா ஊத்துவார், தகடும் அவர் பக்கமே சாட்சி சொல்லும்.

“எப்படி மாமா?”

“குழிவான சாமான் வந்துச்சுல்ல ஆத்தா. அது தூக்குறப்பவே தொட்டித் தண்ணிய மொண்டுக்கிட்டுப் போயிரும். கரன்ட்டு மட்டுமா தின்னுது, சாமானும் குடிக்குதுல்ல?”

அவ்வளவுதான் விஷயம். ‘குழிவான சாமான் எத்தனை’ன்னு நோட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டோம். அதுக்கப்புறம் அந்த நாள்களிலும் கணிப்பு கிட்ட வந்துடுச்சு.

ஃபேக்டரி எப்படிச் செய்யுது?

சிப் ஃபேக்டரியில செம்பு நிரப்பின பிறகு, மேலே வழிஞ்சதைப் பாலிஷ் போட்டு எடுப்பாங்க. உதாரணத்துக்கு, 1000 நானோமீட்டர் எடுக்கணும், மெஷின் நிமிஷத்துக்கு 500 எடுக்குது. 120 விநாடி போதும். ஆனா பாலிஷ் திண்டு தேய்ஞ்சுக்கிட்டே வரும். வேகம் 480 ஆயிட்டா, அதே 120 விநாடியில 960-தான் போகும். மிச்சம் 40 நானோமீட்டர் செம்பு பக்கத்துக் கம்பிகளை ஒட்டி வெச்சு ஷார்ட் ஆக்கிடும்.

சரி, உடனே 480-க்குக் கணக்குப் போட்டு 125 விநாடின்னு மாத்திடலாமா? அவசரப்படக் கூடாது. அந்த 480 அளவெடுத்ததுல வந்த ஆட்டமாக்கூட இருக்கலாம். அதனால புது அளவுக்கு 30 பங்கு, பழைய மதிப்பீட்டுக்கு 70 பங்குன்னு கலந்து 494-ன்னு எடுத்துப்பாங்க. நேரம் சுமார் 121 அரை விநாடி. அடுத்த அளவும் குறைவா வந்தா இன்னும் கொஞ்சம் நகர்த்துவாங்க. ‘ரன் டு ரன் கன்ட்ரோல்’னு பேரு. 1990கள்ல இருந்து சிப் தொழில்ல பழகின சங்கதி. நேத்தைய குழம்புல உப்பு கூடிடுச்சுன்னு இன்னிக்கு உப்பே போடாம விடுறாங்களா என்ன? கொஞ்சம்தானே குறைக்கிறாங்க. அதேதான்.

இதுல மெஷின் லேர்னிங் எங்கே வருது? ஒரு பெட்டியில 25 வேஃபர் இருக்கும். எல்லாத்தையும் அளக்க நேரமில்லை. ஒண்ணு ரெண்டைத்தான் அளப்பாங்க. மத்ததோட கதி? பாலிஷ் மோட்டாரோட கரன்ட், அழுத்தம், சூடுன்னு மெஷினோட சென்சார்கள் ஒவ்வொரு விநாடியும் எண்களைக் கொட்டிக்கிட்டே இருக்கும். அந்த எண்களை வெச்சு, அளக்காத வேஃபரோட தடிமனைக் கணிக்கிறதுக்குப் பேர் ‘விர்ச்சுவல் மெட்ராலஜி’. பாகைத் தொடாமலேயே, கொதிக்கிற சத்தத்தை வெச்சுப் பதம் சொல்ற மாதிரி!

590 எண்கள், பேர் இல்லை

இன்டர்ன்ஷிப்ல எனக்குக் கொடுத்தது ‘செகாம்’னு ஒரு பொது டேட்டா. ஒரு நிஜ சிப் ஃபேக்டரியில இருந்து 2008-ல வந்தது. யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். 1,567 வரிசை. ஒவ்வொண்ணுக்கும் 590 அளவுகள். அதுல ஃபெயில் ஆனது 104.

இங்கேதான் ஒரு கண்கட்டு வித்தை ஒளிஞ்சிருக்கு. ‘எல்லாமே பாஸ்’னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற ஒரு வரி புரோகிராம் எழுதினா, அதுக்கு 93 சதவிகிதத்துக்கு மேல மார்க் கிடைக்கும்! ஆனா ஒரு கோளாறைக்கூடப் பிடிச்சிருக்காது. அதனால யாராவது ‘எங்க மாடல் 93 சதவிகிதம் கரெக்ட்’னு புராஜெக்ட் வைவாவுல பீத்தினா, ‘எத்தனை ஃபெயிலைப் பிடிச்சது பாஸ்?’னு ஒரு கேள்வி போடுங்க. ஆள் ஆஃப்.

என்னை உறுத்தினது வேற. அந்த 590 எண்களுக்கும் பேரே கிடையாது. எது சூடு, எது அழுத்தம், எந்த மெஷின்... எதுவும் தெரியாது. தொழில் ரகசியம். ரெண்டு மாசம் அந்தப் பேரில்லாத எண்களோட குடும்பம் நடத்தினேன். எது முக்கியம்னு கம்ப்யூட்டர் வரிசை போட்டுக் கொடுக்கும். ஏன்னு கேட்டா மௌனம். மாமா பட்டறையில ஒரே ஒரு கட்டம், ‘குழிவான சாமான்’. அதை எந்தச் சென்சாரும் சொல்லலை. 30 வருஷமா தொட்டிப் பக்கத்துல நின்ன ஒரு ஆள் சொன்னார்.

மாமாவின் கேள்வி

ஒருநாள் சாயங்காலம் மாமா நோட்டைப் புரட்டிக்கிட்டே நிதானமா கேட்டார்.

“ஏன் ஆத்தா... இதுல எல்லாத்தையும் எழுதிப்புட்டா, நாளைக்கு எவன் வந்தாலும் இந்த நோட்டப் பாத்து ஊத்திருவான்ல? அப்புறம் எனக்கென்ன வேல?”

கோபமெல்லாம் இல்லை. சும்மாதான் கேட்டார். ஆனா எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. மாமா பையன் சென்னையில வேலை பார்க்கிறான், பட்டறைக்கு வரப்போறதில்லை. எழுதலைன்னா மாமாவோட வித்தை மாமாவோடயே போயிடும். எழுதினா, வித்தைக்கு மதிப்பு போயிடுமோன்னு அவருக்குப் பயம். ரெண்டு பக்கமும் நியாயம்!

அப்போதான் 2023-ல ‘நேச்சர்’ இதழ்ல வந்த ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு. சிப் மெஷின் செய்யுற லாம் ரிசர்ச் நிறுவனத்துக்காரங்க ஒரு போட்டி வெச்சாங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கற்பனை மெஷின். 11 திருகாணிகள் மாதிரி 11 அமைப்புகள். எல்லாத்தையும் சரியா வெச்சு, குறிச்ச வடிவத்துல ஒரு நுண்ணிய துளை போடணும். ஒவ்வொரு முயற்சிக்கும் காசு. யார் குறைஞ்ச செலவுல முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ஒரு பக்கம் இன்ஜினீயர்கள், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் அல்காரிதம்கள்.

முடிவு? மனுஷங்கள்ல முதல் இடம் பிடிச்சது அனுபவம் உள்ள ஒரு சீனியர் இன்ஜினீயர். செலவு 1,05,000 டாலர். ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்ச அல்காரிதம்கள் பெரும்பாலும் மண்ணைக் கவ்வின. ஆனா கிளைமாக்ஸ் இனிமேதான். முதல் பாதியை அந்தச் சீனியர் ஆடிட்டு, கடைசி நுணுக்க வேலையைக் கம்ப்யூட்டர்கிட்ட விட்டப்போ, செலவு பாதியாக் குறைஞ்சது! காட்டுக்குள்ள வழி கண்டுபிடிக்க மனுஷன், வாசல் வரைக்கும் போனப்புறம் சாவித் துவாரத்தைத் தேட மெஷின்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சார். “அப்ப எனக்கு வேல இருக்குங்கிற.” அடுத்த நிமிஷமே, “ஒனக்கு?”ன்னு கேட்டார் பாருங்க!

நமக்கு?

யோசிச்சுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். அந்தச் சீனியருக்கு அந்த அனுபவம் எங்கே கிடைச்சது? ஜூனியரா இருந்தப்போ இந்த நுணுக்க வேலையைத்தானே ராப்பகலா செஞ்சிருப்பார்? கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை, திரும்ப அளந்து பார்னு. இப்போ அந்த வேலை மெஷினுக்குப் போகுது. அப்போ நாளைக்கு நம்மள்ல யார் சீனியர் ஆகப் போறோம்? எங்கே போய் பதம் கத்துக்கப் போறோம்?

இது எங்கேயோ அமெரிக்காவுல நடக்கிற கதை இல்லை. குஜராத் தொலேராவுல டாட்டா நிறுவனமும் தைவானோட பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்து 91,000 கோடி ரூபாய்ல கட்டுற சிப் ஃபேக்டரிக்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரி 29-ல ஒப்புதல் கொடுத்தது. மாசம் 50,000 வேஃபர் இலக்கு. அதுல மெஷின் லேர்னிங் இருக்கும்னு அப்பவே அறிவிச்சுட்டாங்க. 2024 ஜனவரியில தமிழ்நாடு அரசும் செமிகண்டக்டருக்குன்னு தனிக் கொள்கை வெளியிட்டிருக்கு. நாம டிகிரி வாங்கிட்டு வெளியே வர்றப்போ நமக்காகக் காத்திருக்கிற ஃபேக்டரிகள்ல மெஷின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

எங்க வீட்டுல அம்மா, “பேசாம ஐ.டி. கம்பெனிக்கு எழுதிப் போடு, தொட்டி கிட்டியெல்லாம் ஒனக்கெதுக்கு?”ங்கிறாங்க. அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மாசமானா சம்பளம், ஏ.சி. ரூம். ஆனா ஒண்ணு புரிஞ்சது. கோடு எழுத மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட அந்தப் பேரில்லாத 590 எண்கள்தான் இருக்கும். தொட்டியை மட்டும் தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதை அடுத்தவங்க கையில கொடுக்க முடியாமத் தவிப்பாங்க. ரெண்டையும் தொட்டுப் பார்த்த ஆள்தான் ‘குழிவான சாமான்’னு ஒரு கட்டம் போடுவாங்க. எனக்கு அந்த ஆளாகணும். கோர் கம்பெனி இன்டர்வியூதான் முதல்ல, மத்தது அப்புறம்னு முடிவு பண்ணிட்டேன். அம்மா இன்னும் முழுசா சமாதானமாகலை!

மாமாவோட கேள்விக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். ஒண்ணு, நோட்டு மாமாவுக்குத்தான் சொந்தம். முதல் பக்கத்துல அவர் பேர். யாருக்குக் காட்டணும்கிறது அவர் இஷ்டம். ரெண்டு, இது மாமா போட்ட கண்டிஷன். லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி, தொட்டியைப் பார்த்து எத்தனை மில்லின்னு நான் வாயால சொல்லணும். அப்புறம் அவர் சொல்வார். கடைசியிலதான் புரோகிராம். மூணையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிட்டு, ஹல் செல் தகடு போட்டு யார் சொன்னது சரின்னு பார்க்கணும். இப்படி 100 தகடு!

இன்டர்ன்ஷிப், புராஜெக்ட்னு போற ஃப்ரெண்ட்ஸ், நீங்களும் இதைப் பண்ணிப் பாருங்க. ஸ்கிரீன் விடை சொல்றதுக்கு முன்னாடி உங்க விடையை ஒரு தாள்ல எழுதிடுங்க. அப்புறம் ஒப்பிடுங்க. மெஷின் கத்துக்கிறப்போ கூடவே நாமளும் கத்துக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி இதுதான்.

இதுவரைக்கும் 31 தகடு ஆச்சு. மாமாதான் முன்னணி, புரோகிராம் ரெண்டாவது, அடியேன் மூணாவது. ஆனா முதல் பத்துத் தகட்டுல இருந்த இடைவெளி கடைசிப் பத்துல இல்லை. மிச்சம் 69 இருக்கு. சனிக்கிழமை காலையில தொட்டி சூடேறிடும். வர்ட்டா!